வான் பாயும் இடத்தில் மீன் ஏன் குவிகிறது?

மாரி கனத்து, கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கினால், கதவுகளுக்குக் கீழே வீச்சு வலையோடும் தூண்டிலோடும் ஆட்கள் கூடிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றுத் தடுப்பணையில் கதவு திறந்தாலும் இதே கதைதான். வலை நிறைய மீன் விழுவதைப் பார்க்கிறவருக்கு, ஆறு முழுக்க மீன் இப்படித்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆறு அப்படி இல்லை. அணைக்குக் கீழே மீன் ஒரே சீராகப் பரவி இருப்பதில்லை.

முதல் காரணம், வழி அடைபடுவது. புதுவெள்ளம் வந்தால் பல மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். சுவர் வந்ததும் அங்கேயே தேங்கிவிடும். கடைசி பஸ் போன பிறகும் தரிப்பிடத்தில் நிற்கும் கூட்டம் மாதிரி. இரண்டாவது காரணம் சாப்பாடு. குளத்திலிருந்து நீரோடு அடித்துவரப்படும் சின்ன மீன்கள் விழுந்த வேகத்தில் மயங்கிக் கிடக்கும், பெரிய மீன்களுக்கு வேட்டை எளிது. விழும் நீரில் காற்று கலந்து ஒட்சிசன் கூடுவதும் ஒரு காரணம். ஆக, அணையின் காலடியில் கிடைக்கும் மீனை வைத்து முழு ஆற்றையும் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

சரி, அதற்குக் கீழே? பெரிய அணைகளில் நீர் பெரும்பாலும் ஆழத்திலிருந்து வெளியேறுகிறது. ஆழத்து நீர் குளிர்ந்தது. வண்டல் எல்லாம் மேலே தங்கிவிடுவதால் தெளிந்தும் இருக்கும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1963இல் நீர் தேக்கத் தொடங்கிய கிளென் கன்யன் அணை இதற்கு நல்ல உதாரணம். முன்பு கோடையில் 25 பாகை செல்சியசைத் தாண்டிய ஆறு, அணைக்குப் பிறகு அதன் காலடியில் வருடம் முழுக்க 10 பாகையை ஒட்டியே ஓடியது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர் பிடித்துப்போய், அணையை அடுத்த 25 கிலோமீற்றரில் அது செழித்தது. அந்த ஆற்றுக்கே உரிய, முதுகில் திமில் உள்ள சப் மீனுக்கோ முட்டையிட 16 பாகையாவது வேண்டும். அது சுமார் 120 கிலோமீற்றர் கீழே, வெதுவெதுப்பான ஒரு கிளையாறு வந்து சேரும் இடத்தை அண்டிக் கிடந்தது. பிறகு வறட்சியால் நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கி, மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் வெளியேறத் தொடங்கியதும் நிலைமை திரும்ப மாறியது. சப் மீன் கீழே பல இடங்களில் பெருகியது. கூடவே, அதை வேட்டையாடும் பாஸ் மீனும் அணைக்குக் கீழே குஞ்சு பொரிக்கிறது என்று 2022இல் தெரியவந்தது.

கிளையாறுகள் சேரச் சேர, வெப்பமும் வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குத் திரும்பும், மீன் வகைகளும் அப்படியே. வார்ட், ஸ்டான்போர்ட் என்ற இரண்டு சூழலியலாளர்கள் 1983இல் முன்வைத்த கருத்து இது. எனக்கு இதில் பிடித்த விஷயம், ஆற்றை அளக்க அணையின் உயரம் மட்டும் போதாது, அடுத்த கிளையாறு எவ்வளவு தூரத்தில் என்றும் பார்க்கவேண்டும் என்பதுதான்.

நம்முடைய குளங்கள் அவ்வளவு ஆழமில்லை, அதனால் குளிர் பெரிய பிரச்சினை அல்ல. இங்கே பிரச்சினை உப்பு. இரணைமடுவுக்குக் கீழே கனகராயன் ஆறு சுண்டிக்குளம் நீரேரிக்குப் போகிறது. நீர் வரத்து குறைந்தால் உவர் மேலேறும், நன்னீர் மீன் ஒதுங்கும், உப்பைத் தாங்குகிறவை இடம்பிடிக்கும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இரண்டு நீரிலும் பிழைக்கும். வான் பாயும்போது அது நீரேரி வரை போய்விட முடிவது அதனால்தான். 'இரணைமடுத் தண்ணி கடலுக்குப் போய் வீணாகுது' என்று நம்மிடையே அடிக்கடி பேச்சு வரும். நீரேரி மீனின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தண்ணீர் வீணே இல்லை.

தொண்டைமானாற்றில் கதவு எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. வடமராட்சி நீரேரிக்குள் கடல்நீர் ஏறாமல், கிணறுகளும் வயல்களும் உவராகாமல் காக்கத்தான் அது கட்டப்பட்டது. ஆனால் இறாலின் வாழ்க்கை கடலுக்கும் நீரேரிக்கும் இடையில் பங்கிடப்பட்டது. முட்டை கடலில், குஞ்சு வளர்வது நீரேரியில், வளர்ந்ததும் மறுபடி கடல். திரளி போன்ற மீன்களுக்கும் ஏறக்குறைய இதே பாதைதான். நகம் அளவுகூட இல்லாத இந்தக் குஞ்சுகளால் நீரை எதிர்த்து நீந்த முடியாது. கடலின் வற்றுப் பெருக்கில், உள்ளே பாயும் நீரில் மிதந்துதான் வரவேண்டும். கதவு மூடியிருந்தால் வெளியிலேயே நின்றுவிடும். வெள்ளத்தை வெளியேற்றத் திறந்தாலோ, பாய்ச்சல் அவற்றைத் திரும்பக் கடலுக்கே தள்ளும். பெருக்கு ஏறும் சில மணி நேரத்துக்கு ஒரு கதவை மட்டும் சற்று உயர்த்தினால் குஞ்சுகள் உள்ளே வரலாம். எந்த மாதத்தில் அப்படித் திறக்கலாம், எவ்வளவு உப்பு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், விவசாயி ஒரு எண் சொல்வார், இறால் பிடிக்கிறவர் வேறொரு எண் சொல்வார்.