இருட்டாக இருக்க முடியாத கோளம்

75 ஆண்டுகளுக்கு முன் காணாமல் போன ஜெனோலன் என்ற கப்பலின் அபாய சமிக்ஞை என்டர்பிரைஸ் கப்பலுக்குக் கிடைக்கிறது. அது வந்த திசையில் போகிறார்கள். அங்கே விண்மீன் எதுவும் தெரிவதில்லை. ஆனால் பெரும் ஈர்ப்பு விசை மட்டும் கப்பலைப் பிடித்து உலுக்குகிறது. பிறகுதான் திரையில் அது தென்படுகிறது: 20 கோடி கிலோமீட்டர் விட்டம் கொண்ட, ஒரு விண்மீனையே முழுதாக மூடி நிற்கும் இருண்ட கோளம். அதன் வெளிப்பரப்பில் ஜெனோலன் மோதிக் கிடக்கிறது.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1992 அக்டோபரில் வந்த 'ரெலிக்ஸ்' அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது. 1960களின் முதல் தொடரில் பொறியாளராக இருந்த ஸ்காட்டி இதில் திரும்பி வருகிறார். அவரை 75 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த கருவியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எனக்கு இந்த அத்தியாயத்தில் மனம் ஒட்டிக்கொண்டது அந்தக் கோளத்தோடுதான். கதை எழுதிய ரொனால்ட் டி. மூர் அதன் பெயரை மறைக்கவில்லை. இது 20-ம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் சொன்ன கோளம் என்று கேப்டன் பிக்கார்டே சொல்கிறார்.

உள்ளே மக்கள் வாழ்கிறார்களா என்ற கேள்வி வரும்போது, உட்பரப்பு 25 கோடி பூமிகளின் பரப்புக்கு மேல் இருக்கும் என்கிறார் டேட்டா என்ற எந்திர மனித அதிகாரி. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரம் 10 கோடி கி.மீ. பரப்பளவு சூத்திரத்தில் இட்டால் சுமார் 1.26 லட்சம் லட்சம் கோடி சதுர கி.மீ. வருகிறது. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கி.மீ. வகுத்தால் 24.6 கோடி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் போகிற போக்கில் வரும் ஓர் எண் இவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பார்க்கும்போது, எழுதியவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

ஆனால் அதே ஆரத்தை வைத்து இன்னொரு கணக்கையும் போட வேண்டும். அது வெப்பக் கணக்கு. டைசன் உண்மையில் கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான்.

1960-ல் 'சயின்ஸ்' இதழில் டைசன் எழுதியது மிகச் சிறிய கட்டுரை. இப்படி ஒன்றை எப்படிக் கட்டுவது என்பது அதன் தலைப்பில் இல்லை. செயற்கையான அகச்சிவப்புக் கதிர் மூலங்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை உமிழும் இடங்களை, வானில் தேடுவது பற்றியது அது. அவருடைய வாதம் எளிமையானது. சூரியன் நொடிக்கு நொடி வெளியிடும் ஆற்றலில் பூமிக்கு வந்து சேர்வது சுமார் 220 கோடியில் ஒரு பங்கு. மீதி எல்லாம் வெற்று வெளியில் போய்விடுகிறது. தேவை பெருகிக்கொண்டே போகும் ஒரு நாகரிகம், ஒரு கட்டத்தில் தன் விண்மீனின் ஒளி முழுவதையும் பிடித்துக்கொள்ள முனையும். அப்படிப் பிடித்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த விண்மீனின் ஒளி தெரியாமல் போகும். வெப்பம் தெரியும்.

ஏன் தெரிய வேண்டும்? குளிர்சாதனப் பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ கையை வைத்துப் பாருங்கள். உள்ளே ஜில்லென்று இருக்கும் அதே பெட்டிக்கு வெளியே சூடு தகிக்கும். ஆற்றலை எந்த வேலைக்குப் பயன்படுத்தினாலும் கடைசியில் அது வெப்பமாகத்தான் மிஞ்சும். விளக்கெரித்தாலும், ரயில் ஓட்டினாலும், கணினியில் கணக்குப் போட்டாலும் முடிவு அதுதான். விண்மீனை மூடிய ஓட்டுக்கும் இதுவே விதி. உள்ளே ஒவ்வொரு நொடியும் எவ்வளவு ஆற்றல் பிறக்கிறதோ, அவ்வளவும் வெளிப்பரப்பு வழியாகக் கதிராக வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் ஓடு சூடேறிக்கொண்டே போகும். வெளியேறும் அளவு உள்ளே பிறக்கும் அளவுக்குச் சமமாகும் வெப்பநிலையில்தான் அது நிற்கும்.

அந்த வெப்பநிலை எவ்வளவு? அத்தியாயத்தில் உள்ளே இருப்பது நம் சூரியனைப் போன்ற ஜி வகை விண்மீன். சூரியனின் வெளியீடு சுமார் 3.8 × 10²⁶ வாட். அதை 10 கோடி கி.மீ. ஆரமுள்ள பரப்பின் மேல் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு 3,000 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. அவ்வளவையும் கதிராக விட, பரப்பு ஏறக்குறைய 480 கெல்வினில் இருக்க வேண்டும். அதாவது சுமார் 208 டிகிரி செல்சியஸ். தோசைக்கல் பதமாகக் காய்ந்திருக்கும் சூடு அது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும். உள்ளே கடலும் காற்றும் இருப்பதாகக் கதை காட்டும் இடத்தின் நிலை இதுதான்.

பூமி இருக்கும் தூரத்தில், 15 கோடி கி.மீ.யில் ஓட்டைக் கட்டினாலும் 120 டிகிரி வந்துவிடுகிறது. அதே தூரத்தில் நாம் மட்டும் வேகாமல் இருக்கிறோமே? காரணம் வடிவம்தான். பூமி வெயிலை வாங்குவது ஒரு வட்டத் தட்டின் அளவுக்கு. வெப்பத்தை விடுவதோ முழுப் பந்தின் மேற்பரப்பால், அதாவது அதைப் போல நான்கு மடங்கு பரப்பால். இரவு என்று ஒன்று இருப்பதே நமக்குக் காப்பு. ஓட்டின் உட்புறத்தில் இரவே கிடையாது. எல்லா இடத்திலும் எப்போதும் உச்சி வெயில்.

டைசன் இதை அறிந்தே தன் கோளத்தைச் சூரியனிலிருந்து பூமியைப் போல இரு மடங்கு தூரத்தில் வைத்தார். அங்கே அதே கணக்கைப் போட்டால் 5 டிகிரி செல்சியஸ் அளவில் வருகிறது. மனிதர் தாங்கக்கூடிய குளிர். அந்த வெப்பநிலையில் உள்ள பொருள் மிக வலுவாக உமிழும் கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் உடலின் சூடு வெளியேறுவதும் ஏறக்குறைய அதே அலைநீளத்தில்தான். ஆகவே 10 மைக்ரானில் வானத்தைப் பாருங்கள் என்றார் டைசன்.

என்டர்பிரைஸின் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்த கோளம், அகச்சிவப்பில் ஒரு முழுச் சூரியனின் ஆற்றலோடு ஜொலித்திருக்க வேண்டும். பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தே அதைக் கண்டுபிடித்திருக்கலாம். கதைக்கு அந்தத் திகைப்பு தேவைப்பட்டது, புரிகிறது. ஆனாலும் டைசன் பெயரை உச்சரித்த காட்சியிலேயே அவருடைய கட்டுரையின் மையக் கருத்து விடுபட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒற்றை ஓடாகக் கட்டுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது நியூட்டனிடமிருந்து வருகிறது. உள்ளீடற்ற சீரான கோளத்துக்குள் நீங்கள் எங்கே நின்றாலும், அந்த ஓட்டின் ஈர்ப்பு உங்கள் மேல் துளியும் செயல்படாது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சுவர் கிட்டே இருக்கிறது, ஆனால் அதில் இருக்கும் பொருள் கொஞ்சம். எதிர்ப்பக்கச் சுவர் தொலைவில் இருக்கிறது, ஆனால் அங்கே பொருள் அதிகம். தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறைகிறது, அதே இருமடிக்கு ஏற்பப் பொருள் கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடுகின்றன.

ஓடு இழுக்காவிட்டாலும் நடுவில் விண்மீன் இருக்கிறது, அது இழுக்கும். அத்தியாயத்தின் கோளத்தில் உட்புறம் நிற்பவர் தலைக்கு மேலே இருக்கும் விண்மீனை நோக்கி மெதுவாக 'விழுவார்'. முதல் நொடியில் 7 மில்லிமீட்டர்கூட நகரமாட்டார். ஒரு நிமிடத்தில் 24 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 86 கி.மீ. கடல் நீரும் காற்றும் அவர் பின்னாலேயே கிளம்பும். செயற்கை ஈர்ப்பு உள்ள கதையுலகில் இதற்கு வழி சொல்லிவிடலாம். நம் இயற்பியலில், கோளத்தைச் சுழற்றினால்தான் கால் தரையில் ஊன்றும். பூமியளவு எடை கிடைக்க நடுக்கோட்டுப் பகுதி நொடிக்கு சுமார் 990 கி.மீ. வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த இழுவையைத் தாங்க, எஃகைவிடப் பல லட்சம் மடங்கு வலிமையான பொருள் வேண்டும்.

ஓட்டின் ஈர்ப்பு உள்ளே கழிந்துவிடுவதால், ஓட்டுக்கும் நடுவில் உள்ள விண்மீனுக்கும் இடையிலும் மொத்தத்தில் இழுவை இல்லை. ஓடு ஒரு பக்கமாக லேசாக நகர்ந்தால் அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர எந்த விசையும் இல்லை. வால்விண்மீன் ஒன்று இடித்தால் போதும், ஓடு நகரத் தொடங்கி, தடுக்க ஆளில்லாமல் ஒரு நாள் விண்மீன் மேலேயே போய் மோதும்.

சனியின் வளையம் பற்றி 1850களில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதையொட்டிய ஒன்றை நிறுவியிருந்தார். திடமான ஒற்றை வளையம் நிலைக்காது, எண்ணற்ற சிறு துண்டுகள் தனித்தனியாகச் சுற்றிவந்தால்தான் நிலைக்கும் என்றார். டைசனும் அதே முடிவுக்குத்தான் வந்தார். கட்டுரை வெளியானதும் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, திட ஓடு சாத்தியமே இல்லை, நான் நினைத்தது தனித்தனிப் பாதைகளில் சுற்றும் பொருள்களின் கூட்டத்தை என்று தெளிவுபடுத்தினார். கோளம் என்ற படம் மக்கள் மனதில் தங்கிவிட்டது, கூட்டம் தங்கவில்லை. மூலப்பொருளுக்கு அவர் கைகாட்டியது வியாழனை. அதை உடைத்து இரு மடங்கு தூரத்தில் பரப்பினால் இரண்டு மூன்று மீட்டர் தடிமன் வரும். உடைப்பதற்கு மட்டும் சூரியன் 800 ஆண்டுகளில் வெளியிடும் ஆற்றல் தேவை.

கட்டுவது இருக்கட்டும். தேடுவது நடந்துகொண்டிருக்கிறது. 1983-ல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் முதன்முறையாக அகச்சிவப்பில் ஏறக்குறைய வானம் முழுவதையும் அளந்தபோது டைசனின் யோசனைக்குத் தரவு கிடைத்தது. ஃபெர்மி ஆய்வகத்தின் ரிச்சர்ட் கேரிகன் அதைச் சலித்துப் பார்த்தார். உறுதியாகச் சொல்லும்படி எதுவும் சிக்கவில்லை. தொல்லை கொடுப்பது தூசு. பிறக்கும் விண்மீன்களைச் சுற்றியும் முதிர்ந்த விண்மீன்களைச் சுற்றியும் தூசு மண்டிக் கிடக்கிறது. அதுவும் ஒளியை விழுங்கி அகச்சிவப்பாக உமிழ்கிறது.

2015-ல் பெரிதாகப் பேசப்பட்ட கேஐசி 8462852 என்ற விண்மீனிலும் அதுதான் நடந்தது. அதன் ஒளி ஒழுங்கே இல்லாமல், சில சமயம் 22 சதவீதம் வரை மங்கியது. டைசன் கூட்டம் மறைக்கிறதோ என்று உலகமே கேட்டது. பின்னர் பல நிறங்களில் அளந்தபோது, சிவப்பைவிட நீலம் அதிகமாக மங்குவது தெரிந்தது. கனமான தகடு மறைத்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் மங்க வேண்டும். நீலத்தை அதிகம் மறைப்பது பொடித் தூசு.

2024-ல், டைசன் கோளங்களைத் தேடும் ஹெஃபெஸ்டோஸ் திட்டத்தினர் 50 லட்சம் விண்மீன்களைச் சலித்து, இருக்க வேண்டியதைவிட அதிக அகச்சிவப்பு உமிழும் 7 செங்குறுமீன்களை (சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்கள்) பிரித்தெடுத்தார்கள். அவற்றில் மூன்றின் பக்கத்திலேயே ரேடியோ அலை உமிழும் மூலங்கள் இருப்பதை வேறொரு குழு விரைவில் காட்டியது. தூசு மூடிய தொலைதூர விண்மீன் மண்டலங்கள் அதே திசையில் பின்னால் இருந்தால் இப்படித் தோன்றும். இத்தகைய சந்தேகத்தைத் தீர்க்க அகச்சிவப்பு நிறமாலையை விரித்துப் பார்க்க வேண்டும். சிலிக்கேட் தூசு இருந்தால் டைசன் கைகாட்டிய அதே 10 மைக்ரான் அருகே நிறமாலையில் ஒரு மேடோ பள்ளமோ தெரியும். தகடாக இருந்தால் அந்த இடம் வழவழப்பாகக் கடந்து போகும்.