கல்லுக்குக் கார்பன் டெஸ்ட் எடுக்காதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், கூடவே கல்லூரியில் படிக்கும் மகன். பையிலிருந்து சுருள் சுருளான ஒரு கல்லை எடுத்து வைத்தார்கள். அம்மோனைட், அதாவது கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு ஓட்டு உயிரின் புதைபடிவம். "கார்பன் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டியாச்சு சார், ரிசல்ட்டைப் படிச்சுச் சொல்லுங்க" என்றார் அப்பா. தாளில் ஒரே வரி: 50,000 ஆண்டுகளுக்கும் மேல். எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வந்தது. இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர்.

தயவுசெய்து கேளுங்கள். உயிரோடு இருக்கும் வரை உடலில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சேர்ந்துகொண்டே இருக்கும். செத்தபின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 50,000 ஆண்டு போனால் 400-ல் ஒரு பங்குகூட மிஞ்சாது; அதற்கு மேல் அளக்க ஒன்றுமில்லை. அம்மோனைட்டுகளோ சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டன. 'மேல்' என்று அந்தத் தாள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளக் காசு எதற்கு?

கோடிக்கணக்கான ஆண்டுகளை அளக்க எரிமலைச் சாம்பல் படிவில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளைப் பார்ப்போம். அதில் யுரேனியம் ஈயமாக மாறும் கணக்குதான் கடிகாரம். சாம்பல் இல்லாத இடத்தில் புதைபடிவம் கைகொடுக்கும். கொஞ்ச காலமே வாழ்ந்து உலகெங்கும் பரவிய இனம் என்றால் அதுதான் வழிகாட்டிப் புதைபடிவம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரின் பெயர் கொண்ட களிமண் படிவுக்குச் சுமார் 10 கோடி ஆண்டு என்று சொல்வதில் அம்மோனைட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம பக்கம் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ போர் போடும்போது மணலோடு சிப்பி வருகிறதே, அது வேறு கதை. பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். அதற்குக் கார்பன் முறை சரி. கடல் சிப்பி என்றால் தனித் திருத்தம் போட வேண்டும், அதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கோந்து, வார்னிஷ் எதுவும் தடவாமல் இருந்தால் போதும்.

அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம்: "நம்ம ஊரு தட்டு விளிம்புல இருக்கா சார்?" தட்டு என்றால் பூமியின் மேலோடு பிரிந்து கிடக்கும் பெரிய பாறைப் பலகை. காசிமேட்டில் 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் பயந்து கேட்பதில் தப்பே இல்லை. இல்லை, விளிம்பு சுமத்ரா, அந்தமான் பக்கம், 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால். தட்டு என்பது கண்டம் மட்டும் இல்லை. வங்கக் கடலின் தரையும் நம் தட்டுதான். எரிமலைக் குழம்பின்மேல் அது மிதக்கவும் இல்லை. அடியில் இருப்பது சூடேறி மெல்ல நெகிழும் பாறை. சுனாமி வந்த அன்று காலை 6.28-க்குச் சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கியது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து இங்கே அலை வந்தது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடுங்கள், அம்மா.

சரி, கல்லுக்கு வருவோம். புதைபடிவத்தைப் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், போனில் இடத்தைக் குறியுங்கள், எந்த அடுக்கில் இருந்தது என்று எழுதுங்கள். அடுக்கு தெரியாவிட்டால் அது எந்தப் பாறைக்கு வயது சொல்லும்?

"எங்கே எடுத்தாய் தம்பி?" என்று கேட்டேன். "காரை பக்கம் சார்" என்றான். எந்த ஓடை, எந்தச் சரிவு என்று சொல்லத் தெரியவில்லை. பொங்கல் லீவில் போய் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறேன் என்றான். கல்லையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.