கிடங்கை அழிக்காதீர்கள், பழுது அங்கே இல்லை

புராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இறுதியாண்டு மாணவர்கள் ஒரே பழுதோடு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று, ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்டுக்கு வேண்டிய ஆயத்தத் தொகுப்புகளை இறக்கி நிறுவும் பிஎன்பிஎம் என்ற கருவியின் தொகுப்புக் கிடங்கையும் புராஜெக்ட் கோப்புறையையும் டி டிரைவில் வைத்து, இரண்டிலிருந்தும் பயன்படுத்தியிருப்பார்கள். விண்டோஸில் ஓடிய புராஜெக்ட் உபுண்டுவில் 'இன்வாலிட் இஎல்எஃப் ஹெடர்' என்று நின்றுவிடும். உடனே கிடங்கு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, முழுவதையும் அழித்து, மொபைல் டேட்டாவில் மறுபடி இறக்குகிறார்கள். மறுநாள் விண்டோஸுக்குப் போனால் அங்கே ஓடாது.

"ஜாவாஸ்கிரிப்ட் எங்கும் ஓடுமே, சார்?" என்று கேட்காதவர் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும், ஆனால் நீங்கள் நிறுவும் தொகுப்புகள் எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட் அல்ல. இஎஸ்பில்ட் என்ற தொகுப்பு கோ மொழியில் எழுதப்பட்டு, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்யப்பட்ட நிரல். ஷார்ப், பிகிரிப்ட் போன்ற தொகுப்புகளுக்குள்ளும் இயந்திர மொழிக் கோப்புகள் உண்டு. இன்ஸ்டால் கட்டளை கொடுக்கும் நொடியில் எந்த இயங்குதளம், எந்தச் சிப் என்று பார்த்து அதற்குரியதை மட்டுமே, நிறுவிய தொகுப்புகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் பிஎன்பிஎம் வைக்கிறது. விண்டோஸுக்கு வந்த கோப்பை லினக்ஸ் திறந்து பார்த்து, இது என்னுடையதல்ல என்று சொல்வதுதான் நீங்கள் காணும் அந்தப் பிழைச் செய்தி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மணமான பிள்ளையை வேறு வைத்தால் கூரை ஒன்றாகவே இருக்கும், அடுப்பு மட்டும் தனியாகும். இங்கும் மூல நிரலும், தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பும் பொதுவாக இருக்கட்டும், நோட் மாட்யூல்ஸ் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அழிக்க வேண்டியது புராஜெக்ட்டுக்குள் இருக்கும் நோட் மாட்யூல்ஸை மட்டுமே. அதை நீக்கிவிட்டு, நீங்கள் இருக்கும் இயங்குதளத்திலேயே மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். கிடங்கின் மீது சந்தேகம் தீரவில்லையென்றால் 'பிஎன்பிஎம் ஸ்டோர் ஸ்டேட்டஸ்' கட்டளை கொடுங்கள்; உள்ளே ஏதேனும் மாறியிருந்தால் அதுவே காட்டிவிடும். லாக் கோப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

நிரலை, அதன் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் என்ற கருவி வழியாக இரு பக்கமும் எடுத்துக்கொண்டு, கிடங்கை அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பார்ட்டிஷனிலேயே வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. கிடங்கு ஒரு டிரைவிலும் புராஜெக்ட் வேறு டிரைவிலும் இருந்தால் ஒரே கோப்பை நகலெடுக்காமல் இரண்டு இடங்களில் காட்டும் ஹார்ட் லிங்க் போட முடியாமல் எல்லாம் நகலெடுக்கப்படும். நீங்கள் மிச்சம்பிடிக்க நினைத்த இடமும் மிஞ்சாது. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் லிங்க்குகளே கிடையாது, அங்கே முயலவே வேண்டாம்.

டி டிரைவை உபுண்டு வாசிக்க மட்டுமே அனுமதிக்கிறதா? பெரும்பாலும், கணினியை முழுமையாக அணைக்காமல் வைக்கும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதிதான் காரணம். அதை அணைத்துவிட்டு விண்டோஸை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். பெர்மிஷனை மாற்றிப் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடவில்லையென்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். கடைசியாக எந்த இயங்குதளத்தில் இன்ஸ்டால் செய்தீர்கள் என்பதைச் சொல்லி, பிழைச் செய்தியை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.