எல்லா சர்வரிலுமா, ஒன்றில் மட்டுமா?

தீபாவளிக்கு ஊர் திரும்ப, கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் ரயிலுக்கு டிக்கெட் விற்பனை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காஜாங்கிலும் குடும்பம் குடும்பமாகக் கைப்பேசியோடு காத்திருப்பார்கள். இவ்வளவு கூட்டத்தை ஒரு சர்வர் தாங்காது. ஆகவே இத்தகைய அமைப்புகளில் ஒரே மென்பொருளைப் பல சர்வர்களில் ஓடவிட்டு, அவற்றை ஒரு கொத்தாக இணைப்பார்கள். முன்னால் நிற்கும் சுமைப் பகிர்வி, வரும் கோரிக்கைகளை அவற்றுக்குள் பிரித்துக் கொடுக்கும்.

இதுவரை சிக்கல் இல்லை. அந்த மென்பொருளுக்கு வேண்டிய தரவுத்தள இணைப்புகள், செய்தி வரிசைகள் (செய்யவேண்டிய வேலைகளின் குறிப்புகள் முறைக்காகக் காத்திருக்கும் இடம்), நள்ளிரவுக் கணக்கு வேலைகள் ஆகியவற்றை எந்த சர்வரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் இந்தத் துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “எல்லாவற்றையும் கொத்து முழுவதற்கும் ஒதுக்கிவிடலாம், அண்ணே.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் இதைவிட விலை அதிகமான பழக்கம் எனக்குத் தெரியவில்லை.

எல்லா சர்வரிலும் இருக்கவேண்டிய வளத்தையே முதலில் பார்ப்போம். 2008-இல் பிஇஏ நிறுவனத்தை வாங்கியபோது ஆரக்கிளின் கைக்கு வந்த, இத்தகைய கொத்துகளை நடத்தும் ‘வெப்லாஜிக் சர்வர்’ என்ற மென்பொருளில், தரவுத்தள இணைப்புகளைக் கொத்துக்கு ஒதுக்கினால், ஒவ்வொரு சர்வரும் தனக்கென்று தனித்தனியாக ஓர் இணைப்புத் தொகுப்பை (திறந்தே வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் இணைப்புகளை) உருவாக்கிக்கொள்ளும். அமைப்புத் திரையில் உச்ச அளவு 50 என்று ஒரே இடத்தில்தான் எழுதுகிறோம். கொத்தில் நான்கு சர்வர் இருந்தால், தரவுத்தளத்தின் வாசலில் 200 இணைப்புகள் வந்து நிற்கலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ, நிறுவியபடியே விட்டால், 100 இணைப்புக்குமேல் ஏற்காது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் அந்த எல்லை 151. சாதாரண நாளில் சர்வருக்குப் பத்துப் பன்னிரண்டு இணைப்புகளே போதும் என்பதால் யார் கண்ணிலும் இது படாது. பெருநாள் கூட்டத்தில் தரவுத்தளம் இணைப்பு தர மறுக்கும்போது, பதறிப்போய் ஐந்தாவது சர்வரைச் சேர்ப்பார்கள். அதுவும் தன் பங்குக்கு 50 கேட்கும். நெரிசல் இன்னும் கூடும்.

ஒரு சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் கொத்தை அமைக்கும்போதே கணக்கிட்டாகவேண்டும். 1909-இல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங், அழைப்புகளின் நெரிசலைக் கணிதத்தால் ஆராய்ந்து எழுதினார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியைப் பாருங்கள். சர்வர் 50 விழுக்காடு வேலையில் இருந்தால், ஒரு கோரிக்கை முடிய, வேலைக்கு உண்மையில் தேவையான நேரத்தைப்போல் 2 மடங்கு ஆகும். 80 விழுக்காட்டில் 5 மடங்கு. 90-இல் 10 மடங்கு. நான்கு சர்வர்களும் 60 விழுக்காட்டில் ஓடும்போது ஒன்று விழுந்தால், மீதி மூன்றும் 80-க்கு ஏறும். மக்கள் முணுமுணுத்தாலும் டிக்கெட் கிடைத்துவிடும். நான்கும் 80-இல் ஓடிக்கொண்டிருந்தால் மீதி மூன்றின் தலையிலும் 107 விழுக்காடு விழும். வரிசை நீண்டுகொண்டே போகும், முடிவே வராது.

இனி, ஒரே இடத்தில் மட்டும் இருக்கவேண்டியவை. பணம் கட்டாத முன்பதிவுகளை ரத்து செய்து, கூடுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பி அனுப்பும் நள்ளிரவு வேலையை நான்கு சர்வரிலும் வைத்தால், ஒருவருக்கு 79 ரிங்கிட் நான்கு முறை போய்ச் சேரலாம். செய்தி வரிசைக்கும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு. வரிசையைக் கொத்து முழுவதும் பரப்பலாம். ஆனால் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட ஒவ்வொரு செய்தியும் ஏதோ ஒரு சர்வரின் சேமிப்பில்தான் கிடக்கும். அந்த சர்வர் விழுந்தால், சேமிப்பை வேறொன்று ஏற்று நடத்தும்வரை அச்செய்திகள் அங்கேயே முடங்கிக் கிடக்கும்.

சரி, ஒரே சர்வரில் வைத்தாயிற்று. அது விழுந்தால் அடுத்தது யார்? இதற்குத்தான் குத்தகை முறை. தரவுத்தளத்தில் ஒரு சிறிய அட்டவணை; அதில் சேவைக்கு ஒரு வரி. சேவையின் பெயர், இப்போது அதை நடத்தும் சர்வர், குத்தகை முடியும் நேரம். நடத்தும் சர்வர், நேரம் முடிவதற்குள் அந்த வரியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். புதுப்பிக்கத் தவறினால் வேறொரு சர்வர் அந்த வரியில் தன் பெயரை எழுதிக்கொண்டு சேவையைத் தொடங்கும். ஒரே வரியை இருவர் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால், ஒருவரைத்தான் தரவுத்தளம் அனுமதிக்கும். அழகான ஏற்பாடு.

ஆனாலும் இதில் ஒரு பொத்தல் இருக்கிறது. பலர் கவனிக்கத் தவறும் இடமும் இதுதான். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய மென்பொருளை ஓட்டும் சர்வர், பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்வதற்காகச் சில வேளைகளில் தன் எல்லா வேலைகளையும் நிறுத்திவைக்கும். குத்தகை 30 வினாடி, நிறுத்தம் 40 வினாடி என்று கொள்வோம். 30-ஆவது வினாடியில் குத்தகை காலாவதியாகிறது. இரண்டாவது சர்வர் பொறுப்பேற்கிறது. 40-ஆவது வினாடியில் முதல் சர்வர் விழிக்கிறது. இடையில் நேரம் போனதே அதற்குத் தெரியாது. குத்தகை தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பணத்தை அனுப்புகிறது. இரண்டாவது சர்வரும் அனுப்புகிறது.

குத்தகை நேரத்தைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைப்பார்கள். தீராது, உண்மையாகவே ஒரு சர்வர் விழும்போது காத்திருக்கும் நேரம்தான் கூடும். நிறுத்தம் எவ்வளவு நீளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சரியான வழி, குத்தகை கைமாறும்போதெல்லாம் அதனுடன் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணைக் கொடுப்பது. முதல் சர்வரிடம் 33, இரண்டாவதிடம் 34. பணம் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் அந்த எண்ணோடு போகும். 34-ஐ ஒருமுறை பார்த்துவிட்ட தரவுத்தளம், பிறகு 33 என்று வருவதை மறுத்துவிடும். யார் இறந்தார், யார் உறங்குகிறார் என்று ஆராயவேண்டிய தேவையே இல்லை. பழைய எண் வந்தால் கதவு திறக்காது, அவ்வளவுதான். இதை யோசித்தவர்களின் அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆகவே, உங்கள் கொத்தைச் சோதிக்கும்போது சர்வரை அணைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அணைந்த சர்வர் திரும்பி வந்து குழப்பாது. சேவையை நடத்திக்கொண்டிருக்கும் சர்வரின் இயக்கத்தை, குத்தகைக் காலத்தைப்போல் இரு மடங்கு நேரம் உறைய வைத்துப் பிறகு விடுவியுங்கள். அது விழித்ததும் தரவுத்தளத்துக்கு அனுப்பும் முதல் கட்டளை ஏற்கப்படுகிறதா, மறுக்கப்படுகிறதா என்று பதிவேட்டில் பாருங்கள்.