உத்தானம், உயிர்த்தெழுதல், உயிர்ப்பு: ஒரு சொல் வந்த வழி

என் பாட்டி விசுவாசப் பிரமாணம் (கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் செபம்) சொல்லும்போது "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்பார். உத்தானம் என்றால் என்னவென்று சின்ன வயதில் எனக்குப் புரியாது, கேட்டால் "செத்தவங்க எந்திரிக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இன்று கத்தோலிக்கர்கள் அதே இடத்தில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்கிறோம், சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று வரும். மூன்றுமே புதிய ஏற்பாட்டில் வரும் அனாஸ்தாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் அமைந்தவைதான்.

அனா என்றால் மேலே, ஸ்தாசிஸ் என்றால் நிற்றல். ஆக, எழுந்து நிற்பது. உத்தானமும் அப்படியே, உத் (மேலே), ஸ்தா (நில்). கிரேக்கத்தில் இருக்கும் ஸ்தாவும் வடமொழி ஸ்தாவும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பது மொழியியலார் ஒப்புக்கொண்ட விஷயம், அதனால் பழைய மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் பொருந்தியே இருந்திருக்கிறது. பாட்டி சொன்ன அர்த்தமும் சரிதான்.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது இன்னொரு கிரேக்கச் சொல்லைப் பற்றி. எகெய்ரோ. தூங்குகிறவரை எழுப்புவது, விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது என்று அன்றாடம் புழங்கிய சாதாரண வினைச்சொல். இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்களிடம் சொல்லப்பட்ட "அவர் எழுப்பப்பட்டார்" என்ற செய்தியில் (மாற்கு நற்செய்தி 16:6) இருப்பது இதுதான். அதே மாற்கு இதே சொல்லை முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார்: காய்ச்சலில் கிடந்த பேதுருவின் மாமியாரை இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், அந்த அம்மா எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்கிறார். முடக்குவாதக்காரரிடம் "எழுந்திரு" என்பதும், இறந்துபோன யாயீரின் மகளிடம் "சிறுபெண்ணே, எழுந்திரு" என்பதும் இதே வினைதான். யாக்கோபு தன் கடிதத்தில் (5:15) நோயாளியை ஆண்டவர் எழுப்புவார் என்கிறாரே, அங்கேயும் எகெய்ரோ. தமிழில் படிக்கும்போது 'தூக்கிவிட்டார்', 'எழுந்திரு', 'உயிர்த்தெழுந்தார்' என்று இவை தனித்தனியாகிவிடுகின்றன, அந்தந்த இடத்துக்கு அதுதான் இயல்பான தமிழ், தவறில்லை. ஆனால் கிரேக்கத்தில் கேட்டவர்களுக்குக் காய்ச்சல்காரியின் கட்டிலும் வெறுமையான கல்லறையும் ஒரே சொல்லால் இணைந்திருந்தன.

இஸ்தான்புல்லில் இன்று மசூதியாக இருக்கும் பழைய கோரா ஆலயத்தில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீட்டிய அனாஸ்தாசிஸ் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. அதில் கிறிஸ்து தனியாக எழுந்து வரவில்லை, ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை ஒரு கையாலும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறையிலிருந்து இழுக்கிறார். எனக்கு அந்தக் கை அப்படியே பேதுருவின் வீட்டில் நீண்ட கையாகத்தான் தெரிகிறது.

இலக்கணமும் இதையே சொல்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 15-இல் இறந்தார், அடக்கம்செய்யப்பட்டார் என்று முடிந்துபோன காலத்தில் எழுதிக்கொண்டே வந்து, அடுத்த வினையில் மட்டும் காலத்தை மாற்றுகிறார்: எகேகெர்த்தாய், அதாவது 'எழுப்பப்பட்டிருக்கிறார்', நடந்தது, அதன் விளைவு இன்னும் நிற்கிறது என்று பொருள். அந்த விளைவு எங்கே தெரியும் என்றால் 1 யோவான் 3:14 நேராகச் சொல்கிறது: சகோதரரிடம் அன்பு செலுத்துகிறோம், அதனால்தான் சாவைக் கடந்து வாழ்வுக்கு வந்துவிட்டோம் என்று தெரிகிறது. வருவோம் என்று இல்லை, வந்துவிட்டோம்.

சரி, தமிழில் எதைப் பயன்படுத்தலாம்? நிகழ்ச்சியைச் சொல்ல உயிர்த்தெழுதல் தெளிவான சொல். மறுபிறப்பு கூடவே கூடாது, அது வேறொரு நம்பிக்கையின் சொல், பொருளே மாறிவிடும். இறந்தபின் இயேசு எழுப்பிய லாசருவுக்கு 'உயிர்பெற்று எழுந்தார்' என்று எழுதுவது நல்லது, ஏனென்றால் அவர் திரும்பி வந்தது பழைய வாழ்வுக்குத்தான், பிறகு இறக்கவும் வேண்டும். இயேசுவின் உயிர்ப்பு அப்படியல்ல.

எனக்குப் பிடித்தது உயிர்ப்பு. வெறும் சுருக்கம் என்று நினைத்திருந்தேன், அப்புறம்தான் அதன் பழைய பொருளைக் கவனித்தேன். தமிழில் உயிர்த்தல் என்றால் முதலில் மூச்சு விடுதல். பெருமூச்சு நெட்டுயிர்ப்பு, பிள்ளை பெறுவது கருவுயிர்த்தல். இப்போது யோவான் 20-ஐ எடுத்துப் பாருங்கள். உயிர்த்த அன்று மாலை, சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள், இயேசு உள்ளே வந்து, காயம்பட்ட கைகளைக் காட்டி, "நானும் உங்களை அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள்மேல் ஊதுகிறார்.