சைட்மேப் என்பது வரைபடம் அல்ல, பக்கப் பட்டியல்

வலைத்தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கும் கோப்புதான் சைட்மேப். சிறு வணிகர்களுக்குக் கொடுக்கிற தமிழ்க் கையேடுகளில் அதற்கு 'தள வரைபடம்' என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் பூஜைப் பொருள் விற்கும் ஒருவர் என்னிடம், "தள வரைபடம் போட்டாச்சு, அப்படியும் கூகுளில் எங்கள் பொருள் எதுவும் வரமாட்டேங்குதே" என்றார். அவருடைய வலைத்தளத்தைத் திறந்தால், 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் கடைக்கு வரும் வழியைக் காட்டும் கூகுள் மேப் இருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தளம் என்றால் இடம், வரைபடம் என்றால் மேப். கையேடு சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். தப்பு சொல்லில் இருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'சைட்' என்பது லத்தீனின் 'சிட்டுஸ்', அதாவது அமைந்திருக்கும் இடம். 'மேப்' லத்தீனின் 'மாப்பா', அதாவது துணி. துணியில் உலகத்தை வரைந்ததால் 'மாப்பா முண்டி' என்றார்கள். பிறகு துணி மறைந்து படம் நின்றது. நம் 'படம்' என்ற சொல்லுக்கும் அகராதியில் சீலை, சித்திரம் எழுதிய சீலை என்ற பொருள்கள் உண்டு. ஆக, மேப்புக்கு வரைபடம் என்பது வேர் வரைக்கும் பொருந்துகிற சொல். மொழிபெயர்ப்பாளர்கள் அதிலேயே திருப்தியாக நின்றுவிடுவதும் இதனால்தான். சொல்லோடு சொல் பொருந்திவிட்டது. பொருளோடு பொருந்துகிறதா என்று பார்க்க யாரும் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை.

திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது? கோடு இல்லை, படம் இல்லை, திசை இல்லை. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பக்க முகவரிகள். ஒவ்வொரு முகவரியும் 'லாக்' (loc) என்ற குறிக்குள் இருக்கும். அருகில் 'லாஸ்ட்மாட்' (lastmod) என்று, அந்தப் பக்கத்தைத் திருத்திய தேதி இருக்கலாம். அவ்வளவுதான். வலைத்தளம் வடிவமைப்பவர்கள் பக்கங்களை மரக்கிளை போலத் தாளில் வரைந்து வைப்பதையும் சைட்மேப் என்பார்கள். அதற்கு வரைபடம் என்ற பெயர் தகும். ஆனால் 2005 ஜூனில் கூகுள் அந்தப் பெயரை இந்த எக்ஸ்எம்எல் கோப்புக்கு, அதாவது குறிகளோடு எழுதிய கோப்புக்கு, கொடுத்தது. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதே முறையை ஏற்றுக்கொண்டன. இன்றைக்குத் தேடலைப் பற்றிப் பேசும்போது சைட்மேப் என்றால் இந்தக் கோப்புதான். இதைப் படிப்பது மனிதர்கள் அல்ல, தேடுபொறி அனுப்பும் 'பாட்' (bot) என்ற தானியங்கி மென்பொருள். கல்யாண வீட்டுக்கு மளிகைப் பட்டியல் எழுதிக் கொடுப்பது போலத்தான் இதுவும்: என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும், கடை எந்தத் தெருவில் என்று சொல்லாது.

அதனால் இதற்குச் சரியான தமிழ் 'பக்கப் பட்டியல்'. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவருக்கும் விளக்கமில்லாமல் புரியும்.

'சொல்லில் என்ன இருக்கிறது, பழகினால் புரிந்துவிடும்' என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வரைபடம் என்று கேட்டவர் பார்வைக்கு அழகாக ஒன்றைத் தேடிப் போகிறார். பட்டியல் என்று கேட்டவரோ சரியான கேள்விகளைத் தானே கேட்பார்: எல்லாப் பக்கமும் அதில் இருக்கிறதா? போன வருடம் நீக்கிய பொருளின் பக்கம் இன்னும் கிடக்கிறதா? தேதி சரியா? தைப்பூசக் காவடிக்கு முன்னால் பால்குடம், மயில் இறகு, மஞ்சள் துணி என்று புதுப் பக்கங்கள் சேர்க்கிறவருக்கு இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். பண்டிகை முடிந்த பிறகு பாட் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தால் அவருக்கு என்ன லாபம்?

இந்த நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. மொரீஷியஸில் ஒரு கடையின் தளம் பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், சில சமயம் தமிழிலும். இந்தப் பிரெஞ்சுப் பக்கத்துக்கு இணையான தமிழ்ப் பக்கம் இது என்று அந்தக் கோப்பிலேயே எழுதிக் கொடுக்கலாம். பட்டியல் என்றால் இது உடனே விளங்கும்: ஒரு வரிக்குப் பக்கத்தில் இணை வரி. வரைபடம் என்றால் இதை எங்கே வரைவது? பிரெஞ்சில் 'ப்ளான் து சீத்' என்கிறார்களே என்று கேட்பார்கள். இங்கே ப்ளான் என்றதும் நினைவுக்கு வருவது வீடு கட்ட வரைகிற ப்ளான். அந்தச் சொல்லும் இதே குழப்பத்தைத்தான் செய்கிறது. அதைப் பார்த்து நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை.

தூய தமிழ் வேண்டும் என்கிறவர்கள் 'தளநிரல்' என்று ஒன்று சொல்கிறார்கள். நிரல் என்றால் வரிசை. நல்ல பழைய சொல். ஆனால் கணினித் துறையில் நிரல் என்றால் புரோகிராம் என்று நிலைத்துவிட்டது. தளநிரல் என்றால் தளத்தை ஓட்டுகிற புரோகிராம் என்றுதான் எவரும் நினைப்பார். 'முகவரிப் பட்டியல்' என்றால் வாடிக்கையாளர்களின் முகவரிகள் என்று ஆகிவிடும். தமிழ்ச் சொல் எதுவும் பிடிக்கவில்லையா, 'சைட்மேப்' என்றே எழுதுங்கள். வழி தவறச் செய்கிற தமிழை விடப் புரியாத பிறமொழிச் சொல் மேல்; புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். 'தேடுபொறி' எப்படி நிலைத்தது? தேடுகிற பொறி என்று செய்கிற வேலையைச் சொன்னதால். பீர்க்கங்காய் கிரியோலில் 'பிப்பாங்காய்' ஆகி இன்றும் சந்தையில் விற்கிறது. காயைக் கையில் வைத்துக்கொண்டு பேர் சொன்னவர்கள் கொண்டுவந்த சொல் அது.

இந்த ஒரு சொல்லோடு நின்றாலும் பரவாயில்லை. அதே கையேடுகளில் கோப்பை, தளச் சொந்தக்காரர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோல் என்ற சேவையில் 'சமர்ப்பிக்க' வேண்டுமாம். ஏதோ ஆய்வேடு போல. 'கொடுங்கள்' என்றால் போதாதா? 'லாஸ்ட்மாட்' என்பதை 'இறுதியாக மாற்றியமைக்கப்பட்டது' என்கிறார்கள். 'கடைசியாகத் திருத்திய நாள்' என்று எழுதியிருந்தால், பக்கத்தைத் திருத்தாமலே தினமும் தேதியை மட்டும் மாற்றுவது தவறு என்று படிப்பவருக்கே தெரிந்திருக்கும். தேதி நம்பும்படி இல்லை என்றால் கூகுள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எந்தப் பக்கம் முக்கியம் என்று சொல்லும் 'முன்னுரிமை'க் குறிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூகுள் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறும் என்ற குறியையும்தான். மூலத்தில் இருந்த பழைய தகவலை விசாரிக்காமல் தமிழாக்கியதன் விளைவு இது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழின் வரிசை மாறியதற்காக 1998-இல் குரல் எழுப்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்தவர்கள் நாம். எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கிற அளவுக்கு, எழுதியது புரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெயரை மாற்றினால் எதிர்பார்ப்பும் அளவாகும். பட்டியல் கொடுத்ததாலேயே கூகுள் எல்லாப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும் என்று உறுதி கிடையாது. முதல் இடத்துக்கும் வந்துவிட முடியாது. பக்கங்கள் இருக்கின்றன என்று தெரிவிக்கிறோம், அவ்வளவுதான். 500 பக்கங்களுக்குள் இருந்து, ஒன்றுக்கொன்று நல்ல இணைப்பும் இருக்கிற தளத்துக்கு இது இல்லாமலும் நடக்கும் என்று கூகுளே சொல்கிறது. வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதன் 5.5 பதிப்பு முதல், அதாவது 2020 முதல், தானாகவே ஒரு பட்டியலை உருவாக்கிக்கொள்கிறது. ரோஸ் ஹில் கடைக்காரரின் தளத்திலும் அது முன்பே இருந்தது. முகவரியைச் சர்ச் கன்சோலில் கொடுத்து, பாட் முதலில் பார்க்கும் 'ரோபாட்ஸ்' (robots.txt) கோப்பிலும் ஒரு வரி சேர்த்ததோடு வேலை முடிந்தது.

இனி எழுதுகிறவர்களுக்கு: தேடுபொறியின் பாட் படிக்கும் கோப்பு 'பக்கப் பட்டியல்'. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள்தான் அடங்கும். அதற்கு மேல் போனால் பல கோப்புகளாகப் பிரித்து, அவற்றைத் தொகுத்து இன்னொரு கோப்பு வைக்க வேண்டும். அது 'பட்டியல் தொகுப்பு'. வருகிறவர்கள் பார்க்கத் தளத்தின் அடியில் வைக்கும் பக்கத்துக்கு, புத்தகத்தில் உள்ள 'பொருளடக்கம்' என்ற சொல்லே போதும். வரைபடம் என்ற சொல், கடைக்கு வழி காட்டுகிற மேப்புக்கு இருக்கட்டும்.