சாதத்தைக் குறைத்துவிட்டுக் குடிக்கலாமா?

எடை குறைக்க என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்துவிடுவேன். காலையில் குடித்த காபியிலிருந்து ராத்திரி படுக்கும் முன் வாயில் போட்ட வாழைப்பழம் வரை எல்லாவற்றையும் அதில் எழுதிவர வேண்டும். பெங்களூர் அல்சூர் பக்கம் 14 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். இப்போதெல்லாம் நோட்டு கைக்கு வந்ததும் சனிக்கிழமைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை "2 இட்லி, சாம்பார், 1 கப் ராகிக் கஞ்சி" என்று ஒழுங்காக எழுதியிருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு பக்கம் காலியாக இருக்கும்.

போன வருடம் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 46, எடை 88 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். மூன்று மாதம் கஷ்டப்பட்டும் அவருக்குக் குறைந்தது ஒரு கிலோகூட இல்லை. மனைவிக்கு ஆற்றாமை. "ராத்திரி சாதத்தைத் தொடறதே இல்ல மேடம் இவரு. ரெண்டு சப்பாத்தியோட எழுந்துடறாரு. வெயிட் மட்டும் அப்படியே நிக்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நானே கேட்டேன், "சனிக்கிழமை வெளியே போவீங்களா சார்?"

"ரெண்டு பெக்தான் மேடம். அன்னிக்கு நைட்டு சாப்பிடவே மாட்டேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

இந்த "அட்ஜஸ்ட்" என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சாதத்தை விட்டு அந்த இடத்தில் சரக்கை வைத்துக்கொள்வது சரியான பண்டமாற்று என்று படித்தவர், படிக்காதவர் எல்லாருமே நம்புகிறார்கள். அதனால்தான் எடை இறங்காமல் நிற்கிறது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகவும் முடிகிறது.

மேசையில் இருந்த கண்ணாடி டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் பக்கம் நகர்த்தி, வீட்டில் ஒரு பெக் எவ்வளவு ஊற்றுவாரோ அவ்வளவு ஊற்றச் சொன்னேன். யோசிக்காமல் ஊற்றினார். அதை அளவுக் குவளைக்கு மாற்றிக் காட்டினேன். 85 மில்லி. ஒரு பெரிய பெக் என்பது 60. ஆக, அவருடைய ரெண்டு பெக் 170 மில்லி, கிட்டத்தட்ட ஒரு குவார்ட்டர் (180 மில்லி). அவர் பொய் சொல்லவில்லை. கை பழகிய அளவு அது. குவளையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி. கொழுப்பில் 9. ஆல்கஹாலில் 7, அதாவது எண்ணெய்க்கு அடுத்தபடி அதுதான். நம் ஊர் விஸ்கி, பிராந்தி, ரம் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்த வீரியத்தில் 60 மில்லிக்கு சுமார் 140 கலோரி. குவார்ட்டர் என்றால் 420க்கு மேல். எண்ணெய் தடவாத சப்பாத்தி நாலு சாப்பிட்டதற்குச் சமம், ஆனால் வயிறு நிறையாது. 650 மில்லி பீர் பாட்டில் சாதாரணமானது என்றால் 250 கலோரியை ஒட்டி வரும், ஸ்ட்ராங் என்றால் 300ஐத் தாண்டும். கூல்டிரிங்க் கலந்தால் அதில் இருக்கும் சர்க்கரை தனி. 300 மில்லி கோலாவில் மட்டும் ஆறு ஏழு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கலோரி தெரிந்துவிடும், சரக்கு பாட்டிலில் அதைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டிலைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது என்பதால்தான் இத்தனை எண்களையும் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் சரக்கோடு என்னென்ன தொட்டுக்கொண்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். இரண்டு கை காங்கிரஸ் கடலை (மசாலா தடவிய வேர்க்கடலை), ஒரு பிளேட் கபாப். பதினோரு மணிக்குக் கிளம்பும்போது பசி தாங்காமல் வண்டிக்கடையில் எக் ஃப்ரைட் ரைஸ். "சாப்பிடவே மாட்டேன்" என்ற ராத்திரியில் என் கணக்குப்படி சுமார் 1,800 கலோரி உள்ளே போயிருக்கிறது. அவர் விட்ட சாப்பாடு 500. மீதி 1,300. வாரநாளில் தினமும் 400 கலோரி குறைத்து வாயைக் கட்டியிருந்தார். மூன்று நாள் பட்டினி ஒரே இரவில் போய்விட்டது. மனைவி அழுதுவிட்டார். கோபத்தில் அல்ல, தான் அளந்து அளந்து போட்ட சாப்பாடெல்லாம் வீண் என்று.

குடித்த பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அது நச்சு என்பதால் கல்லீரல் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் அதைத்தான் கவனிக்கும். உடைந்து அசிடேட்டாக மாறி ரத்தத்தில் வருவதை உடம்பு எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். அதுவரை கொழுப்பு எரியும் வேலை பெரும்பாலும் நின்றிருக்கும். கூடவே சாப்பிட்ட கபாப் எண்ணெயும் கடலையும் செலவாக வழியில்லாமல் நேரே இருப்புக்குப் போகும். ஆல்கஹாலில் கொழுப்பாக மாறுவது சிறு பங்குதான். அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் சிக்கல். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சமாளிக்கக்கூடியது ஏறக்குறைய ஒரு சின்ன பெக், 30 மில்லி. அதற்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். ஒரு குவார்ட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், விடியும் வரை ஆகும்.

"பீர் குடிச்சாத்தான் தொப்பை, ரம் குடிச்சா இல்ல" என்பார்கள். ஒல்லியான பையனை உடம்பு தேற பீர் குடிக்கச் சொல்கிற வழக்கம் வேறு. பீர் குளிர்ச்சி என்பதும் அதே மாதிரியான நம்பிக்கைதான். இந்திராநகர், கோரமங்களா பக்கம் அங்கேயே காய்ச்சித் தருகிற பீர் என்றால் இயற்கையானது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெயரும் நிறமும் எதுவானாலும் ஆல்கஹால் அதே ஆல்கஹால்தான்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். படுத்ததும் கண் அசந்துவிடும், ஆனால் ராத்திரியின் பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகும். மறுநாள் அசதி, நாக்கு உப்பையும் எண்ணெயையும் கேட்கும், லால்பாக் நடைக்குக் கால் எழாது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கமும் காலியாவது இப்படித்தான்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல்தான். தன்னிடம் இருக்கிற இருப்பை எடுத்துக் கொடுக்கும், தேவைப்பட்டால் புதிதாகவும் தயாரிக்கும். ஆல்கஹால் உள்ளே போனதும் இந்தப் புதிதாகத் தயாரிக்கும் வேலை தடைப்படுகிறது. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "அட்ஜஸ்ட்" செய்வதற்காக ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் குடித்தால் சர்க்கரை நள்ளிரவில் சரேலென்று இறங்கும். என்னிடம் வரும் 58 வயது பெரியவர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. விடியற்காலை 3 மணிக்கு பனியன் முழுக்க வியர்வை, வார்த்தை குழறுகிறது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. போதை தெளியவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டு போர்வையைப் போர்த்திவிட்டார்கள். எதற்கும் பார்ப்போம் என்று மகள் குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்தினாள். 48 காட்டியது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. அந்தப் பெண்ணுக்கு அந்த யோசனை வராமல் போயிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கம்தான்.

குடித்த வாசனை வருகிறது என்பதற்காக இதைப் போதை என்று விட்டுவிடாதீர்கள். நினைவு இருந்து, விழுங்க முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அளவுக்கு மீறிக் குடிப்பதில் வேறொரு ஆபத்து உண்டு, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும். எந்த மாத்திரையானாலும் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். நோயாளியை அப்படிப் பயப்பட வைத்ததில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு.

பெண்கள் மறைப்பது இன்னும் அதிகம். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஏழாவது முறை வந்தபோதுதான், அதுவும் எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "வெள்ளிக்கிழமை டீமோட போவேன் அக்கா, ஜூஸ் மாதிரி இனிப்பா ஒன்னு" என்றாள். ஆணின் உடம்பைவிடப் பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு. அதனால் அதே அளவுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். அவளிடம் நான் கோபப்படவில்லை. ஏழு முறை வந்தும் அவளுக்குச் சொல்லத் தோன்றாத மாதிரி நான் என்ன செய்தேன் என்றுதான் யோசித்தேன். அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே எல்லாரிடமும், ஆண் பெண் பாராமல், காபி எத்தனை என்று கேட்கும் அதே குரலில் இதையும் கேட்கிறேன்.

உடம்புக்கு எந்தத் தீங்கும் இல்லாத அளவு என்று ஆல்கஹாலில் ஒன்று கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில் அது 1988 முதலே இருக்கிறது. ஃபேட்டி லிவர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் தொடவே வேண்டாம். எடை குறைக்கும் மாதங்களில் மற்றவர்களுக்கும் நான் சொல்வது முழுதாக நிறுத்துங்கள் என்றுதான். நிறுத்துவதாக இல்லை என்று நேராகச் சொல்பவர்களை விரட்டுவதில்லை. ஏழரை மணிக்கே வீட்டில் சாதம், பருப்பு, முட்டையோ மீனோ என்று ஒழுங்கான சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறேன். வயிறு நிறைந்திருந்தால் கபாப் பிளேட் பக்கம் கை தானாகப் போகாது, போதையும் மெதுவாக ஏறும். மூடியில் அளந்து ஊற்றச் சொல்கிறேன். கலப்பதற்குத் தண்ணீரோ வெறும் சோடாவோ போதும். தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய், சுண்டல். வண்டி ஓட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் நோட்டில் எழுத வேண்டும்.

ஸ்ரீராம்புரத்துக்காரர் நாலு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தார். ராத்திரி அரை கப் சாதம் சாப்பிட ஆரம்பித்த பிறகு நடந்தது இது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை குடிப்பதை விட்டுவிட்டார். மற்ற சனிக்கிழமைப் பக்கங்களில் "1 கட்டிங், சுண்டல், சாப்பிட்டுவிட்டு" என்று இருக்கிறது. கட்டிங் என்றால் அரை குவார்ட்டர். ஒரு வாரம் "3 பெக், கல்யாணம்" என்றும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், அதை அடக்க மறுபடி குடிக்கிறவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், மனம் குழம்பி உளறும் நிலைக்கும் போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.